என்னவாம்?

வாசல் கதவுக்கு உள்ளே, சப்பாத்துத் தட்டுக்குப் பக்கத்தில், கார்ப்பெட்டில் இரண்டு பள்ளங்கள் விழுந்திருந்தன. பாரமான அலுமாரியைப் பத்து வருடம் ஓரிடத்தில் வைத்துவிட்டு நகர்த்தினால் நூல் நசுங்கித் தட்டையாகிக் கிடக்குமே, அப்படி. ஆனால் அந்த இடத்தில் ஒருநாளும் அலுமாரி இருந்ததில்லை. அலுமாரிக்கு நான்கு கால். இவை இரண்டுதான். ஒரு சாண் இடைவெளி, நீளவாட்டம், பின்பக்கம் ஒடுங்கி முன்பக்கம் அகன்ற வடிவம். ஞாயிற்றுக்கிழமை மயூரா வக்யூம் கிளீனரை வைத்து நாலு தரம் இழுத்தாள். நூல் எழும்பவில்லை. சுடுதண்ணீர் தெளித்துக் கரண்டியால் சுரண்டிப் பார்த்தாள். அதுவும் சரிவரவில்லை. வாடகை வீடு, இனி இதற்கும் ஏஜென்டுக்கு ஒரு ஈமெயில் எழுத வேண்டும் என்ற எரிச்சலோடு எழும்பிப் போனாள்.

செவ்வாய்க்கிழமை தம்பியின் அறைக்கு வெளியே இன்னொரு சோடி. வாசலில் இருந்தவை அப்படியே இருந்தன, இவை புதியவை. இடையில் ஒரு சுவடு கூட இல்லை. யாரும் நடக்கவில்லை. யாரோ நின்றிருக்கிறார்கள். உடம்பின் பாரம் முழுவதையும் இரண்டு காலிலும் இறக்கி, நெடுநேரம் ஒரே இடத்தில் நின்றிருக்கிறார்கள். இரண்டு சோடியும் நடைபாதையின் மறுமுனையை, குசினியைப் பார்த்தபடி இருந்தன.

இன்று வியாழன். மூன்றாவது சோடி அவளுடைய அறை வாசலில் இருந்தது. முதல் இரண்டையும் விட ஆழம். குனிந்து விரலை வைத்தாள். நூலுக்குள்ளே ஏதோ நெருடியது. நகத்துக்குள் ஏறியதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சிவப்பு மண். அவர்கள் குடியிருக்கும் டண்டினொங்கில் எங்கும் மண் சிவப்பு இல்லை.

அவள் கையைக் கழுவினாள். இரண்டாம் தரமும் கழுவினாள். பிறகு போய் மேசையில் உட்கார்ந்து வேலையைப் பார்த்தாள். வியாழக்கிழமைகளில் வீட்டிலிருந்துதான் வேலை. ஒரு இன்சூரன்ஸ் கம்பனியின் நாற்பது பக்க விதிகளை வாடிக்கையாளருக்கு விளங்கும்படி அரைப் பக்கமாகச் சுருக்கி எழுதிக் கொடுப்பது. நன்றாகச் சுருக்குவாள் என்று அலுவலகத்தில் பெயர். குடும்பத்தில் முதல் பட்டதாரி. பட்டமளிப்புப் படம் வரவேற்பறைச் சுவரில் தொங்குகிறது. கறுப்பு அங்கியோடு நடுவில் அவள், ஒரு பக்கம் அம்மா யோகா, மறுபக்கம் அப்பா நித்தியானந்தன், பெருவிரலை உயர்த்திக் காட்டியபடி. அப்பாவின் படத்துக்கு மாலை போடவேண்டி வந்தபோது இந்தப் படத்திலிருந்துதான் அவருடைய முகத்தை வெட்டி எடுத்தார்கள்.

பின்னேரம் மூன்றரைக்குத் தபால் வந்தது. தடித்த கடித உறை. மரண விசாரணை அலுவலகத்திலிருந்து. விசாரணை நாளைக் காலை பத்து மணிக்கு, வீடியோவில். அம்மா சாட்சி சொல்லத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை அவர்களே ஏற்பாடு செய்திருந்தார்கள். அது மயூராவுக்கு முன்பே தெரியும். தெரியாதது, உறைக்குள் இருந்த கடைசி மூன்று பக்கங்கள். படகோட்டி லூயிஸ் கொடுத்த வாக்குமூலத்தின் தமிழ் மொழிபெயர்ப்பு. முத்திரை குத்திய, சுத்தமான, அச்சடித்த தமிழ்.

அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. தமிழ் நன்றாக வாசிப்பாள்.

மயூரா நின்ற நிலையிலேயே வாசித்தாள்.

"படகிலிருந்து விழுந்தால் எக்காரணம் கொண்டும் எழுந்து நிற்க முயல வேண்டாம் என்று மூன்று முறை கூறினேன். பாறை இடுக்கில் கால் சிக்கினால் நீரோட்டம் உடலை முன்னோக்கி மடித்து அழுத்திவிடும் என்று விளக்கினேன். மல்லாந்து, கால்களை மேலே தூக்கி மிதக்க வேண்டும் என்பதைத் தரையில் படுத்துச் செய்து காட்டினேன். தகப்பனார் விளங்கிக்கொண்டாரா என்று மகளிடம் கேட்டேன். மகள் பெருவிரலை உயர்த்திக் காட்டினார்."

தரைத் துவாரங்களிலிருந்து ஹீற்றர் காற்று இரைந்தது. பழைய வீடு, குழாய்கள் நிலத்துக்கு அடியில் ஓடுகின்றன, குளிர் கூடினால் எப்போதும் சத்தம் போடும். ஆனால் இந்தக் கிழமை முழுக்க அந்தச் சத்தம் மாறியிருந்தது. காற்றின் சீறல் அடியில் போய், அதற்கு மேலே கனமான ஒன்று கல்லில் மோதி, பிளந்து, திரும்பவும் ஒன்று சேர்ந்து ஓடுகிற ஓசை. அதோடு ஒரு மணம். வெயிலில் நாள் முழுக்கக் காய்ந்த பாறையில் திடீரென்று தண்ணீர் பட்டால் எழும்புமே, அந்த மணம், நனைந்த ரப்பர் மணத்தோடு கலந்து.

அவளுக்கு அந்த மணம் தெரியும்.

போன செப்டெம்பர். பதினொரு வருடம் விசாவுக்குக் காத்திருந்து, அது கிடைத்து, அவளுக்கும் வேலை கிடைத்து, முதன்முறையாகக் குடும்பமாக ஒரு பயணம். அடலெய்டுக்கு விமானம், அங்கிருந்து வாடகை வான் ஒன்றில் தரைவழியே ஏழு மணித்தியாலம். மரமே இல்லாத சிவப்புப் பாலைக்கு நடுவில் நிலம் வெடித்துப் பிளந்தாற்போல் ஒரு மலையிடுக்கு. வருடம் முழுக்கக் காய்ந்து கிடக்கும் ஆறு, வடக்கே மழை பெய்தால் மட்டும் இரண்டு மூன்று கிழமை வெறி பிடித்து ஓடும். அந்த நாட்களில் குடும்பங்களை ரப்பர் படகில் ஏற்றி அந்த வெள்ளத்தில் இறக்குவார்கள். விளம்பரத்தில் எல்லோரும் வெள்ளைக்காரக் குடும்பங்கள், நனைந்து, வாயெல்லாம் பல்லாக. நாங்கள் மட்டும் என்ன குறைந்து போனோம் என்றுதான் மயூரா பதிவு செய்தாள்.

கரையில் மூன்று குடும்பங்கள் அரைவட்டமாக நின்றன. லூயிஸ் கதைக்கத் தொடங்கினான். கதைத்தான், கதைத்தான். அப்பா முழங்கையால் அவளை இடித்தார்.

"என்னவாம்?"

ஒன்பது வயதிலிருந்து அவள் கேட்டுவரும் சொல். அரசாங்க உதவிப்பணம் தரும் சென்டர்லிங்க் கவுண்டரில், டொக்டரின் அறையில், வாடகை வீட்டு ஏஜென்டின் முன்னால், தன்னுடைய பள்ளிக்கூட ரிப்போர்ட்டைப் பற்றி ஆசிரியை சொல்லும்போதுகூட. மற்றப் பிள்ளைகள் ஊஞ்சலில் ஆடியபோது அவள் அம்மாவின் கர்ப்பப்பை பற்றி டொக்டர் சொன்னதைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா வேலை செய்த வேர்ஹவுசில் பக்கத்தில் நின்ற ஐந்து பேரில் நாலு பேர் தமிழர். ஆங்கிலம் அவருக்குத் தேவைப்படவில்லை. தேவைப்பட்ட இடத்தில் மயூரா இருந்தாள்.

அவள் பதில் சொல்ல வாயெடுத்தபோது லூயிஸ் மரியாதையாக நிறுத்தினான். எல்லாரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை. பொறுமையான, இரக்கமான, நேரமாகுதே என்ற பார்வை. அவளுக்குக் காது சுட்டது.

"பிடிச்சுக்கொண்டு இருங்கோவாம், அப்பா. விழுந்தா கயிறு எறிவினமாம்."

"இவ்வளவு நேரம் கதைச்சது இவ்வளவுந்தானோ? இங்கிலீசிலை ஒரு மணித்தியாலம், தமிழிலை ஒரு வரி. எங்கடை பாஷை நல்ல சிக்கனம்."

அப்பாவின் மறுபக்கம் நின்ற அம்மாவும் அந்த ஒரு வரியைத்தான் கேட்டாள். தம்பி சுஜீதன் இதையெல்லாம் கேட்கவில்லை. தள்ளி நின்று போனில் பாறையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். லூயிஸ் சிவப்பு மண்ணில் மல்லாந்து படுத்து இரண்டு காலையும் மேலே தூக்கினான்.

"ஏன் மகள் இவன் படுத்துக் கிடக்கிறான்?"

"சும்மா பகிடி விடுறான் அப்பா. பேசாமல் நில்லுங்கோ."

அப்பா பெரிதாகச் சிரித்தார். அவர் மட்டும். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். ஓல் குட் என்று லூயிஸ் அவளிடம் கேட்டான். அவள் பெருவிரலை உயர்த்தினாள். அப்பாவும் உயர்த்தினார், அவளைப் பார்த்து.

மூன்றாவது பாய்ச்சலில் படகு சரிந்தது. விழுந்தவர்கள் இரண்டு பேர், அப்பாவும் சுஜீதனும். அப்பா பருத்தித்துறைக் கடலோரத்தில் வளர்ந்தவர். படிவத்தில் நீச்சல் தெரியுமா என்ற கேள்விக்கு ஓம் என்று அவள் போட்டது பொய்யில்லை. கடலில் கால் தட்டுப்பட்டால் கரை வந்துவிட்டது என்று அர்த்தம். எழும்பி நிற்கலாம். அப்பாவுக்குக் கால் தட்டுப்பட்டது. காலை மேலே தூக்கச் சொல்லி லூயிஸ் தொண்டை கிழியக் கத்தினான், ஃபீட் அப், ஃபீட் அப் என்று. அப்பா லூயிஸைப் பார்க்கவில்லை. மயூராவைப் பார்த்தார், புருவத்தை உயர்த்தி. தண்ணீர் இரைச்சலில் குரல் கேட்கவில்லை. வாய் அசைந்தது தெரிந்தது.

என்னவாம்?

அவள் வாய் நிறைய ஆற்றுத் தண்ணீர். துப்பிவிட்டு நிமிர்ந்தபோது அப்பா எழும்பி நின்றுவிட்டார். நெஞ்சளவு தண்ணீரில், சிரித்துக்கொண்டு. பயப்படாதே என்று பெருவிரலை உயர்த்தினார். அதைப் பார்த்துவிட்டு லூயிஸ் கயிற்றைச் சுஜீதனுக்கு எறிந்தான்.

பிறகு ஆறு அப்பாவைப் பின்னாலிருந்து மடித்தது. மெதுவாக, ஒரு கடதாசியை மடிப்பது போல. அவரை எடுக்க நாற்பது நிமிடம் ஆனது. அந்த நாற்பது நிமிடமும் அவர் நின்றார். செம்மஞ்சள் மிதவை ஜாக்கெட்டின் முதுகும் ஒரு கையும் மட்டும் வெளியே தெரிந்தன.

பாதுகாப்பு விளக்கத்தை அப்பாவுக்கு மொழிபெயர்த்தீர்களா என்று பொலிஸ்காரி கேட்டாள். முழுவதும், என்று மயூரா சொன்னாள். கையெழுத்தும் போட்டாள். அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் சுஜீதன் ஒருமுறை கேட்டான், "அக்கா, யூ டோல்ட் ஹிம், ரைட்?" என்று. ஓம் என்றாள். அவன் அதற்குப் பிறகு கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவள் முகத்தைப் பார்த்துக் கதைக்கவும் இல்லை.

ஐந்து மணிக்கே வெளியே இருட்டிவிட்டது. அம்மாவின் கார் வந்து நின்றது. மயூரா மூன்று தமிழ்ப் பக்கங்களையும் இழுத்தெடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தாள்.

அம்மா முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்துவிட்டு வந்திருந்தாள். தலையில் எண்ணெய்ப் புகை மணம். சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் குசினி மேசையில் கிடந்த உறையைப் பார்த்தாள்.

"கோட்டுக் கடிதமோ?"

"ஓம்."

"என்னவாம்?"

ஹீற்றர் இரைந்துகொண்டிருந்தது.

"ஒண்டுமில்லை. நாளைக்குப் பத்து மணிக்காம்."

"இவ்வளவு பெரிய கடிதத்திலை அவ்வளவுந்தானோ?"

"மிச்சம் எல்லாம் சட்டம் அம்மா. உங்களுக்கு விளங்காது."

அம்மா கதிரையில் உட்கார்ந்து காலைத் தடவினாள். "நாளைக்கு நீதவானுக்கு முன்னாலை நான் சொல்லத்தான் போறன். அந்தப் படகுக்காரப் பெடியன் வாயைத் திறந்து ஒரு சொல்லு, நிக்காதை எண்டு ஒரு சொல்லு சொல்லியிருந்தா மனிசன் நிண்டிருக்காது. என்ரை பிள்ளை பக்கத்திலை நிண்டு எல்லாத்தையும் தமிழிலை சொன்னவள். அவன் சொல்லாததை அவள் எப்பிடிச் சொல்லுறது?"

"ம்."

"அனுதாபக் கார்ட் அனுப்புறான், நாய். வேலையை விட்டிட்டானாம். விடட்டும். உள்ளையும் போடவேணும்."

இப்போது சொல்லிவிடலாம். பை கனத்தது. மூன்று கடதாசிக்கு அவ்வளவு பாரம் இருக்காது. நாளைக்குப் பத்து மணிக்கு எவனோ ஒரு மொழிபெயர்ப்பாளன் எப்படியும் சொல்லப்போகிறான். அதற்கு முன் தன் வாயால் சொல்லலாம். மயூரா வாயைத் திறந்தாள்.

"நான் குளிச்சிட்டு வாறன்," என்று அம்மா எழும்பினாள். "நீ அரிசியைக் கழுவிப் போடு."

பாத்ரூம் கதவு மூடிக்கொண்டது. ஷவர் திறந்தது.

மயூரா பக்கங்களை எடுத்து இரண்டாகக் கிழித்தாள். நாலாக. எட்டாக. குப்பைத் தொட்டியின் வெங்காயத் தோலுக்கு அடியில் திணித்து, மேலே தேயிலைச் சக்கையைக் கொட்டினாள். நாளைக்கு இணைப்பு அறுந்துபோகலாம். அம்மாவுக்குக் காய்ச்சல் வரலாம். ஏதாவது நடக்கலாம். அரிசிச் சட்டியில் தண்ணீரைத் திறந்தாள். ஷவர்ச் சத்தமும் குழாய்ச் சத்தமும் ஹீற்றர்ச் சத்தமும் ஒன்றோடொன்று முட்டி, உருண்டு, ஒரே சத்தமாகின.

குழாயை மூடினாள். சத்தம் குறையவில்லை.

ஹீற்றரை நிறுத்தினாள். சத்தம் கூடியது.

திரும்பினாள்.

நடைபாதை நீளமாக இருந்தது. இருக்கவேண்டியதைவிட நீளமாக. மறுமுனையில் வாசல் கதவு. அதற்கும் அவளுக்கும் நடுவில், அவளுடைய அறை வாசலில், மூன்றாவது சோடிப் பள்ளங்களில், ஒருவர் நின்றார்.

இடுப்பில் மடிந்து. தலை முழங்காலுக்குக் கீழே. செம்மஞ்சள் முதுகு மட்டும் மேலே. அந்த முதுகின் மேலால் ஏதோ ஓடியது. தண்ணீர் இல்லை. ஆனால் ஓடியது. ஜாக்கெட்டின் வார்கள் அவள் பக்கமாக இழுபட்டுப் படபடத்தன. சுவரில் இருந்த கலண்டர் அசையவில்லை.

காய்ந்த பாறையின் மணம். ரப்பர்.

முகம் தெரியவில்லை. அது நல்லது. முகம் தெரியாதவரைக்கும் நல்லது.

மடிந்த உடம்புக்கு அடியிலிருந்து குரல் வந்தது. கோபம் இல்லாத குரல். கவுண்டரில், டொக்டரின் அறையில், கேட்ட அதே குரல்.

"என்னவாம்?"

மேசை விளிம்பைப் பிடித்தாள்.

"மகள். அந்தப் பெடியன் என்ன சொன்னவன்?"

எல்லாம் ஞாபகம் இருந்தது. ஒவ்வொரு வசனமும். ஒன்பது மாதமாக ஒவ்வொரு நாளும் மனதுக்குள் மொழிபெயர்த்து வைத்திருந்தாள். நிக்கக்கூடாதாம் அப்பா. மல்லாந்து படுக்கவேணுமாம். காலை மேலே தூக்கவேணுமாம். மூன்றே மூன்று வரி. நாக்கு நுனியில் நின்றன.

ஷவர் நின்றது.

"மயூரா?" கதவுக்குப் பின்னால் அம்மா. "ஆரது கதைக்கிறது?"

மெல்லிய கதவு. ஒரு சொல் சொன்னாலும் அம்மாவுக்குக் கேட்கும்.

மடிந்த உருவம் காத்திருந்தது. அதற்கு அவசரம் இல்லை. அதற்கு எப்போதும் அவள்மீது நம்பிக்கை.

மயூரா அந்தக் கதவைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"ஒண்டுமில்லை அப்பா," என்று கிசுகிசுத்தாள். "பிடிச்சுக்கொண்டு இருங்கோவாம்."

செம்மஞ்சள் முதுகுக்கு அடியிலிருந்து ஒரு கை வெளியே வந்தது. வெளிறி, ஊறிச் சுருங்கிய கை. பெருவிரல் உயர்ந்தது.

பிறகு அங்கே யாரும் இல்லை. பள்ளங்கள் மட்டும்.

அவளுக்கு மூச்சு வந்தது. போய்விட்டார். கேட்டார், சொன்னாள், போய்விட்டார். அவ்வளவுதான். கன்னம் நனைந்திருந்தது. புறங்கையால் துடைத்தாள்.

பாத்ரூம் கதவு திறந்தது. நீராவி நடைபாதைக்குள் புரண்டது. அம்மா வீட்டுச் சட்டையோடு, தலையில் துவாய் சுற்றி, வெறுங்காலோடு குசினியைப் பார்த்து வந்தாள்.

"ஆரது போனிலையோ?"

"ஓம் அம்மா. வேலை."

"நேரகாலம் இல்லையோ உனக்கு." அம்மா மயூராவின் அறை வாசலுக்கு வந்தாள். வலது காலை வைத்தாள். "என்ன இது, காப்பெற் ஈரமாக் கிடக்கு."

இடது காலை வைத்தாள்.

அளவு சரியாக இருந்தது.

அடுத்த அடி எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. குனிந்து தன் காலைப் பார்த்தாள். லேசாகச் சிரித்தாள்.

"பிள்ளை, கால் பிடிச்சுக்கொண்டுது."

"அம்மா."

"இழுபடுதில்லை."

கார்ப்பெட் கணுக்கால்வரை வந்தது. நிறுத்தி வைத்த ஹீற்றர் இரைந்தது. துவாய் அவிழ்ந்து, விழாமல், நேராக மயூராவை நோக்கிப் பறந்து வந்து அவள் காலடியில் ஒட்டியது. சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. ஈர முடி அம்மாவின் முகத்துக்கு முன்னால் நீண்டு மிதந்தது. சட்டை முதுகோடு ஒட்டியது. ஏதோ பின்னாலிருந்து தள்ளியது. அம்மா சுவரைப் பிடிக்கக் கையை நீட்டினாள். எட்டவில்லை. இடுப்பு வளைந்தது. மெதுவாக.

மயூரா கத்தினாள்.

"ஃபீட் அப்!"

தமிழ் வரவில்லை. ஒன்பது மாதம் சேர்த்து வைத்த வரிகள். ஒன்றும் வரவில்லை.

"ஃபீட் அப்! அம்மா, ஃபீட் அப்!"

அம்மா பாடுபட்டு முகத்தை நிமிர்த்தினாள். பயம் இல்லை அந்த முகத்தில். புருவத்தை உயர்த்தி, மகள் எப்போதும் சொல்லித் தருவாள் என்று காத்திருக்கிற முகம். வாய் அசைந்தது.

"என்னவாம்?"

மயூராவின் வாய் திறந்தே இருந்தது. அதற்குள் மண் சுவையோடு குளிர்ந்த ஏதோ நிரம்பி ஏறியது.

பிள்ளை பயந்துவிட்டாள் என்று அம்மாவுக்குப் பட்டிருக்க வேண்டும். சிரித்தாள். பெருவிரலை உயர்த்திக் காட்டினாள்.

முகம் கீழே போனது. நெற்றி முழங்காலைத் தொட்டது. பெருவிரல் மட்டும் மேலே நின்றது.